தை மாதத்துக் கன்றும் பின்வாசல் பங்கும்

போன வாரம் கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. பேசியவர் புதிதாக வந்திருக்கும் டாக்டர், பண்டாரவளைப் பக்கத்துப் பெண்பிள்ளை.

"அங்கிள், தோட்டத்து மாடெல்லாம் ஏன் தையிலயே கன்று போடுது? வேணும்னு செய்றாங்களா, இல்ல தானா நடக்குதா?"

"ரெண்டும்தாங்க டாக்டர்" என்றேன்.

அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். ஊசி போட்டு ஒரு தோட்டத்துப் பசுக்களை எல்லாம் ஒன்றாகச் சினைக்குக் கொண்டுவரலாமாம். அப்படிச் செய்து, கன்று விழும் மாதத்தை ஐப்பசிக்கு மாற்றப் பார்க்கிறார். "குளிர் நாட்டுல ஆடு, மாடு, மான் எல்லாம் வசந்த காலத்துலதான் குட்டி போடும். பனி போய்ப் புல்லு முளைக்கிற நேரம். நமக்கு வசந்தம்னா ஐப்பசி மழைதானே அங்கிள்?" என்றார். சரியாகத்தான் சொன்னார். சனங்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டார். சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் போனைக் காதில் பிடித்துக்கொண்டு அவ்வளவும் பேச எனக்கு இப்போது மூச்சு போதாது. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதிந்து, கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் தேயிலைச் செடியை வெட்டினேன். வெட்டிய செடி மறுபடி வளரும், மறுபடி வெட்ட வேண்டும். எனக்கு ஒரே மலையை ஏறி இறங்குவது ஒத்துவரவில்லை. ஒருநாள் வெல்லவாய பஸ்ஸில் ஏறி மொனராகலைக்கு இறங்கிவிட்டேன். கரும்பு வெட்டினேன். கை வெடித்தது. அதையும் விட்டுவிட்டு ஒரு தயிர் வியாபாரியிடம் எருமை மேய்க்கப் போனேன். முஸ்லிம் ஆள், எல்லோரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அங்கே எருமைக்குக் கொட்டில் கிடையாது. காட்டோரம் அவிழ்த்துவிட்டது அவிழ்த்துவிட்டதுதான். கிடாவைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையும் கிடையாது. ஆடி, ஆவணியில் குளம் வற்றிச் சேறு வெடிக்கும். எருமைகளின் விலா எலும்பைத் தூரத்தில் நின்றே எண்ணலாம். புரட்டாசி முடிந்து முதல் மழை விழும். புல் தலைகாட்டும். அந்த நேரம் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகக் கன்றுகள் விழும். யாரோ நாள் குறித்துக் கொடுத்த மாதிரி.

"எருமைக்கு மழை வர்றது முன்னாடியே தெரியுது நானா" என்று ஒருதடவை சொன்னேன்.

"தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லு மகன்" என்றார் நானா. "கூரை இன்னும் வேயல்ல."

நான் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினேன். ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போனது, வானம் வெள்ளையாகவே கிடந்தது. கன்றுகள் மட்டும் வழக்கமான நேரத்துக்கு விழுந்தன. தாய்க்கு மடி ஊறவில்லை. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், பிறகு எழாது. காலையில் நான் செய்த முதல் வேலை அவற்றைக் காலைப் பிடித்து இழுத்துப் போய்ப் புதைப்பதாக இருந்தது. தரை காய்ந்து கிடந்ததால் ஆழமாகத் தோண்டவும் முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எருமைக்கு வரப்போகிற மழை தெரியாது. போன மழை மட்டும்தான் தெரியும். போன மார்கழியில் வயிறு நிறையப் புல் தின்றது, உடம்பு தேறியது, கிடாவைச் சேர்த்துக்கொண்டது. பத்து மாசம் சுமந்தால் ஐப்பசி வரும். வருஷா வருஷம் மழை ஒழுங்காக வந்தால் கணக்குச் சரியாக இருக்கும். மழை தவறினால் கன்று தவறும். அதில் எருமையின் புத்தி ஒன்றும் இல்லை.

நான் அந்த வருஷமே கிளம்பிவிட்டேன். கொஞ்ச நாள் லொறியில் கிளீனர், கொஞ்ச நாள் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. கடைசியில் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கூலியாளாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானேன். வாளி தூக்குவது, மாட்டைப் பிடிப்பது, பையைச் சுமப்பது. அங்கே மட்டும்தான் எனக்குக் கால் நின்றது. தினமும் வேறு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பெரிய டாக்டர் ஹேரத் ஐயாவோடுதான் அதிக காலம் இருந்தேன். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழகிய தமிழ் பேசுவார். எந்தக் கொட்டிலுக்குள் நுழைந்தாலும் மாட்டைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். "கடைசி எப்ப சாப்பிட்டது? கடைசி எப்ப சாணி போட்டது? கடைசி யார் கறந்தது?" பதில் வரும்வரை பையைத் திறக்க மாட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிடுவார். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கைக்கு மேல்வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கழுவிய கையைத் துடைக்க மாட்டார். மாட்டின் மேல் கை வைத்துவிட்டால் யார் என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். வேலை முடிந்து மாடு எழுந்து நின்ற பிறகு திட்டத் தொடங்குவார். கொட்டில் ஈரம், தண்ணீர் அழுக்கு, ஏன் நேற்றே கூப்பிடவில்லை, கயிறு ஏன் இவ்வளவு குட்டை என்று ஒன்றும் பாக்கி வைக்க மாட்டார். மாடு செத்துப்போனால் திட்ட மாட்டார். கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார். அதனால் தோட்டத்துச் சனங்கள் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனி நான் சொல்ல வந்த மாட்டுப் பொங்கல்.

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றை அறைக் காம்பராக்கள். முன்வாசலில் ஒரு வரிசை, பின்வாசலில் ஒரு வரிசை. முன்வாசலில் என் அண்ணன் வீடு. அவருக்கு அடுத்த காம்பராவில் புஷ்பம் அக்கா. கொழுந்து எடுத்து எடுத்து இடுப்பு போய், வேலையை விட்டவர். மகன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான். எப்போதாவது பேசுவான். அக்காவுக்கு இருந்தது ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு மட்டும். காலையில் ரோட்டுக்குப் பால் வண்டி வரும். அந்தப் பாலில்தான் அவர் சீவனம். பசு விழுந்தால் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டும். அவருடைய இடுப்புக்கு அது முடியாத காரியம்.

எங்கள் ஆட்களுக்கு மாட்டுப் பொங்கலன்று கன்றோடு நிற்கும் பசு வேண்டும். மாலை போட்டுப் பொட்டு வைக்கும்போது பக்கத்தில் ஒரு குட்டி துள்ள வேண்டும். அதற்காகச் சித்திரையில் சினை ஊசி போடுவார்கள். சித்திரைப் புதுவருஷம் முடிந்ததும் ஊசிக்காரருக்கு ஓய்வே இருக்காது. கன்று போட்டதும் முதலில் முனியாண்டி கல்லுக்குக் கொஞ்சம் சீம்பால். பிறகு லயத்தில் ஒரு காம்பரா விடாமல் பங்கு. ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்த வீட்டோடு பேச்சு இல்லை என்று அர்த்தம்.

அந்த வருஷம் பங்குக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு வரிசைக்கும் பொதுவாக மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீருக்காக முன்வாசலும் பின்வாசலும் வெகுநாள் பேசாமல் இருந்தன. யார் முதலில் குடம் வைப்பது என்று தொடங்கி, மண்டை உடைகிற அளவுக்குப் போயிருந்தது. தீபாவளிக்குத்தான் கோவிலில் வைத்துச் சமாதானம் பேசினார்கள். அதற்குப் பிறகு முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குப் போகப்போகிற முதல் பண்டம் புஷ்பம் அக்காவின் சீம்பால்தான்.

பசு பொங்கலன்று பொழுதுசாயக் கன்று போட்டது. கிடேரி. மறுநாள் காலை அக்கா முழுவதும் கறந்து முன்வாசலுக்குப் பங்கு வைத்தார். எல்லா வீட்டிலும் சர்க்கரை போட்டு அவித்துத் தின்றுவிட்டார்கள். பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த நானும் தின்றேன். மத்தியானம் பின்வாசலுக்கென்று இன்னொரு தடவை சொட்டு விடாமல் கறந்தார். வாளியை மூடி வைத்துவிட்டு, மாலை போடலாம் என்று பசுவிடம் போனால், அது தள்ளாடியது. பின்னங்கால் இரண்டும் வேறு வேறு பக்கம் போயின. அப்படியே உட்கார்ந்து கழுத்தை மடக்கி விலாவில் சாய்த்துக்கொண்டது.

நான் போய்க் காதைத் தொட்டேன். பீலிக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது.

"கண்ணு பட்டுருச்சு" என்று ஒரு பெண் கற்பூரம் எடுக்க ஓடினார். என் அண்ணன் இஞ்சியும் மிளகும் இடித்து ஒரு போத்தலில் கரைத்துக்கொண்டு வந்தார்.

"ஊத்தாதீங்கண்ணே. அதுக்கு இப்ப முழுங்க முடியாது. நெஞ்சுக்குள்ள போயிரும்."

"நீ பெரிய டாக்டரு" என்றார் அண்ணன். ஆனால் ஊற்றவில்லை.

ஹேரத் ஐயாவோடு போன இடங்களில் இதை நான் பார்த்திருந்தேன். என்ன மருந்து என்பதும் தெரியும். மருந்துதான் என்னிடம் இல்லை. கோவிலுக்குப் பக்கத்தில் ரோடு வளையும் முடக்கில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே போய்ப் பேசினேன். ஐயா லீவில் இருந்தார். "சாய விடாதே, நெஞ்சில உக்கார வை, வாறேன்" என்று வைத்துவிட்டார். உரப்பைகளில் காய்ந்த மானாப் புல்லைத் திணித்துப் பசுவுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தோம். மழை தூறிக்கொண்டே இருந்தது. கீழே ரோட்டில் மண் சரிந்திருந்ததால் ஐயா வண்டியை விட்டுவிட்டு நடந்தே ஏறி வந்தார். வரும்போது முழங்கால் வரை சேறு.

மூன்று கேள்வியும் கேட்டார். மூன்றாவதற்கு, "நாந்தாங்க கறந்தேன். ரெண்டு தரம்" என்றார் புஷ்பம் அக்கா.

"எல்லாம்?"

"எல்லாமுங்க."

ஐயா கடிகாரத்தை என் கையில் கட்டினார். மருந்துப் போத்தலைச் சுடுதண்ணீர் வாளியில் போட்டு, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. போத்தலை நான் பிடித்தேன். கையைக் கொஞ்சம் உயர்த்தினால் மருந்து வேகமாக இறங்கும், வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும். அவர் மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்புக் குழாயை வைத்துக் கேட்டபடி, இடது கையால் எனக்கு மேலே, கீழே என்று காட்டிக்கொண்டிருந்தார். என் தோள் கடுத்தது. லயமே மழையில் நின்றது.

போத்தல் முடிந்தது. பசு அப்படியே கிடந்தது. இனிக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐயா கன்றைப் பார்த்தார். அது மூலையில் ஒரு சாக்கின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. வாய்க்குள் விரலை விட்டார். அது சப்பவில்லை.

"இது எவ்வளவு குடிச்சது?"

"கொஞ்சமுங்க. ஒரு ரெண்டு வாய்."

"அந்த வாளியில என்ன?"

"சீம்பாலுங்க."

"குடு இதுக்கு. இப்ப. தாய் மடியில யாரும் கை வைக்கக் கூடாது."

அக்கா அசையவில்லை. வாளியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அது பின்வாசலோடதுங்க" என்றார்.

ஐயா என்னைப் பார்த்தார். முழுக்கதையும் சொல்ல அது நேரமில்லை. "அது வேற வீட்டுப் பால் ஐயா" என்றேன்.

"வேற வீட்டு மாடு கறந்ததா?"

அந்த நேரம் லயத்துக் கோடியைச் சுற்றிக்கொண்டு செல்லையா வந்தார். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர், பின்வாசலுக்குப் பெரிய மனுஷன். பீலிச் சண்டையில் முதல் கல்லை எடுத்தவர் அவர்தான் என்று முன்வாசலில் சொல்வார்கள். தலையில் துவாலை. பின்னால் பின்வாசல் பெண்கள் நாலைந்து பேர்.

"என்ன, எங்க பங்கு வராதாமே?"

"யாரு மாமா சொன்னா?" அக்கா வாளியை முன்னால் நகர்த்தினார். "இந்தா வச்சிருக்கேன். தூக்கிட்டுப் போங்க. இப்பவே தூக்கிட்டுப் போங்க."

செல்லையா வாளியைப் பார்த்தார். பசுவைப் பார்த்தார். கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முன்வாசப் பங்கெல்லாம் வயித்துக்குள்ள போயிருச்சு. இப்ப கன்னுக்குன்னா பின்வாசப் பங்குலதான் கை வைக்கணும். பீலியிலயும் நீங்க இதே நியாயந்தானே பேசுனீங்க?"

என் அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். செல்லையா துவாலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கன்றுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"நின்னு பாத்துக்கிட்டே இருந்தா? புள்ளைக்குக் குடுக்கிற போத்தல் எவ வீட்டுலயாவது இருந்தா எடுத்தாங்கடி. பாலச் சுடவைக்காத, கையில புடிக்கிற சூடு போதும்."

ஒருத்தி ஓடிப்போய்த் தன் பிள்ளையின் பால் போத்தலைக் கொண்டுவந்தாள். செல்லையா கன்றின் தாடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் பால் வாயோரம் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. "குடி, குடி. பின்வாசப் பாலு. ருசியாத்தான் இருக்கும்" என்றார். யாரோ சிரித்தார்கள். புஷ்பம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கன்று மூன்றாவது போத்தலில் இருக்கும்போது பசுவின் தொடை நடுங்கியது. ஒரு பெரிய ஏப்பம் விட்டது. சாணி போட்டது. மூக்கில் வியர்வை பூத்தது. முன்னங்காலை ஊன்றி, விழுந்து, மறுபடி ஊன்றியது. பின்பக்கம் எழுந்தது. கால் அகட்டி, குடிகாரன் போல நின்றது.

எல்லோரும் ஐயாவின் வாயைப் பார்த்தோம்.

"நீங்க எல்லாம் மனுசனா?" என்று தொடங்கினார். அவ்வளவுதான், லயமே மூச்சுவிட்டது. புஷ்பம் அக்கா அழத் தொடங்கினார். ஐயா நிறுத்தவில்லை. "நாட்டு மாடு கொஞ்சம் பால் குடுக்கும், நீ எல்லாம் எடுத்தாலும் பரவாயில்ல. இது ஜெர்சி. வயித்துல கன்று இருக்கிறப்ப இந்த அம்மா மாட்டுக்குச் செலவு கொஞ்சம். பால் வந்த அன்னைக்குத்தான் செலவு. ரத்தத்துல இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்குப் போகுது. எலும்புல இருந்து எடுத்துக் குடுக்க அதுக்கு நேரம் வேணும். நீ ஒரே நாள்ல ரெண்டு தரம் காயக் கறக்கிற. எதுக்கு? எல்லா வீட்டுக்கும் இனிப்பு திங்க!" முன்வாசல், பின்வாசல் என்று அவர் பார்க்கவில்லை, எல்லோரையும் ஒன்றாகத் திட்டினார். செல்லையாவைத் துவாலையைக் கழற்றிக் கன்றுக்குப் போர்த்தச் சொல்லித் திட்டினார். முதல் இரண்டு நாள் பாதி கறந்தால் போதும், பாதியை மடியிலேயே விட வேண்டும் என்று நாலுதரம் சொன்னார்.

கீழே இறங்கும்போது பை என் தோளில் இருந்தது. "காட்டுல மரை மான், எருமை எல்லாம் புல்லு வாற நேரம் குட்டி போடுறது இதுக்குத்தான்" என்றார். "பால் குடுக்கிறது லேசு இல்ல. தாய்க்குச் சாப்பாடு இருக்கணும்." எனக்கு மொனராகலையில் புதைத்த கன்றுகள் ஞாபகம் வந்தன. இருவருக்குமே கால் வழுக்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு புஷ்பம் அக்கா பயந்துவிட்டார். இனித் தையே வேண்டாம் என்றார். சித்திரையில் பசு சினைக்குக் கத்தியது, ஊசி போடவில்லை. ஆடியில் போட்டோம். காற்றில் புல் கருகிப் பசு இளைத்திருந்தது, பிடிக்கவில்லை. மறுபடி போட்டும் பிடிக்கவில்லை. ஐப்பசியில் பிடித்திருக்கும். ஆனால் அப்போது போட்டால் கன்று ஆடிக் காற்றில் விழும் என்று அவரே வேண்டாம் என்றார். தையில் போட நினைத்தோம். மண்சரிவில் ஊசிக்காரர் மேலே வரவில்லை. சுற்றிச் சுற்றிச் சித்திரைக்கே வந்து நின்றோம். சித்திரை மழையில் புல் வந்தது, முதல் ஊசியிலேயே சினை பிடித்தது. அதற்குள் பால் வற்றி, அக்கா இன்னொருவர் வீட்டில் பாத்திரம் கழுவப் போயிருந்தார்.

"என் பேச்சயா கேக்குது தம்பி?" என்றார் என்னிடம். "புல்லு பேச்சத்தான் கேக்குது."

டாக்டர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். சித்திரையில் புல், ஒன்பது மாசம் சுமந்தால் தை. தையில் கன்று போட்ட பசு மறுபடி சினைக்கு வர மூன்று மாசம், அதுவும் சித்திரை. அதன் மேல் எங்கள் ஆட்கள் ஒரு மாலையைப் போட்டுவிட்டார்கள். ஐப்பசிக்கு மாற்றுவது நல்லதுதான். தையில் ஊசிக்காரர் மேலே ஏறிவர வழி இருந்தால் செய்யலாம். சனங்கள் முனகுவார்கள், ஒத்துக்கொள்வார்கள். ஆனால் எந்த மாசத்தில் கன்று விழுந்தாலும் லயத்துக்குப் பங்கு போகும். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள் டாக்டர், நிறுத்த மாட்டார்கள். பாதி கறக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பார்கள்.

ஹேரத் ஐயா இப்போது இல்லை. செல்லையாவும் இல்லை. சாகிறவரைக்கும் அந்தக் கிடேரியை "எங்க பின்வாசக் கன்னு" என்றுதான் சொல்வார், புஷ்பம் அக்கா ஒருதடவையும் மறுத்ததில்லை. அது வளர்ந்து பசுவாகி, இப்போது அதன் மகளும் கன்று போடுகிறது.

நான் பதுளையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். போன தையில் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் புஷ்பம் அக்கா கொடுத்ததாகச் சொல்லி ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். அவித்த சீம்பால். பங்கு இப்போது பின்வாசலிலிருந்துதான் தொடங்குகிறதாம், எனக்கு வருவது கடைசி. முன்பெல்லாம் கிண்ணம் நிறைய இருக்கும். இது இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. ஒரே வாயில் தின்று முடித்தேன். மீதி பசுவிடம் இருக்கிறது.